கள்ளமில்லாத மெசினும் காசை எடுக்கும்

"உந்த மெசினுக்குள்ள ஏதோ செய்து வைச்சிருக்கிறாங்கள்." ஸ்லொட் எனப்படும் சூதாட்ட மெசினில் காசு விட்டவர்கள் பெரும்பாலும் இந்த வசனத்தோடுதான் வருகிறார்கள். யாழ்ப்பாணத்தில் கசினோ கிடையாது. கொழும்புக்கு அலுவலாகப் போன இடத்தில் இரவு உள்ளே நுழைந்து பார்த்தவர்கள் சிலர். மற்றவர்கள் வீட்டில் பாயில் கிடந்தபடியே போனில் சுற்றுகிறார்கள். "மெசினில் கள்ளமா?" என்ற கேள்வி இருவருக்கும் ஒன்றுதான், பதில் வேறு வேறு.

முதலில் உரிமம் பெற்ற கசினோவில் நிற்கும் மெசினைப் பார்ப்போம். அதற்குள் எழுமாற்று எண்களை உருவாக்கும் மென்பொருள் ஒன்று, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். பொத்தானை அழுத்திய கணத்தில் அகப்பட்ட எண்தான் முடிவு. அந்தப் பெரிய எண்ணை, உதாரணமாக, 64ஆல் வகுத்தால் வரும் மீதி, படங்கள் பதித்த மூன்று சில்லுகளில் முதலாவது எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடும். மற்ற இரண்டு சில்லுகளுக்கும் அப்படியே. பிறகு சில்லுகள் சுற்றுவது எங்களுக்குக் காட்டுகிற படம். மெல்லத் தட்டினாலும் ஓங்கி அடித்தாலும், சுற்றும்போதே மறித்து நிறுத்தினாலும், விழ வேண்டியது ஏற்கனவே விழுந்தாயிற்று.

64 என்ற எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் சில்லில் 22 இடங்கள் என்று வைப்போம். ஒவ்வொரு சில்லிலும் ஜக்பொட் படம், அதாவது பெரும்பரிசுப் படம், ஒன்றே ஒன்று. மூன்றும் ஒரே கோட்டில் வர 22 × 22 × 22, அதாவது 10,648இல் ஒரு வாய்ப்பு. பழைய இயந்திரச் சில்லுகளின் கணக்கு அது. 1984இல் இங்கெ டெல்னேஸ் என்பவர் அமெரிக்காவில் பெற்ற காப்புரிமை இந்தக் கணக்கையே மாற்றியது. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சில்லு மென்பொருளுக்குள் இருக்கும். அதில் 64 இடங்கள். ஜக்பொட் படத்துக்கு அதில் ஒரே ஒரு இடம். படமில்லாத வெற்றிடங்களுக்குப் பல இடங்கள். இப்போது வாய்ப்பு 2,62,144இல் ஒன்று. பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதோ அதே 22 இடச் சில்லு.

அந்தப் பல இடங்களில் கூடுதலானவற்றை, ஜக்பொட் படத்துக்கு நேர் மேலும் நேர் கீழும் உள்ள வெற்றிடங்களுக்குக் கொடுத்தால் என்ன நடக்கும்? படம் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலேயோ கீழேயோ அடிக்கடி வந்து நிற்கும். "சாதுவாத் தவறிப்போச்சு" என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். மயிரிழையில் தவறியதும், கோட்டுக்குக் கிட்டவே வராததும் கணக்கில் ஒன்றுதான், இரண்டும் தோல்வி. மூளைதான் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதில்லை. அமெரிக்காவில் இது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட வடிவமைப்பு என்பதையும் கவனியுங்கள்.

அடுத்தது 92 சதவீதம் திருப்பிக் கொடுக்கும் என்ற பேச்சு. பத்தாயிரம் ரூபா கொண்டுபோனால் 9,200 கையில் மிஞ்சும் என்றே பலர் விளங்கிக்கொள்கிறார்கள். அந்தச் சதவீதம் கொண்டுபோன காசுக்கல்ல, கட்டிய ஒவ்வொரு பந்தயத்துக்கும். சுற்றுக்கு 50 ரூபா. பத்தாயிரத்தையும் ஒரு தரம் சுற்றி முடிய 200 சுற்று, சராசரியாக 9,200 மிஞ்சும். எழும்பிப் போகிறவர் யார்? அதையும் சுற்றினால் 8,464. இப்படிப் பத்துத் தரம் சுற்றினால் 4,344. நிமிடத்துக்குப் பத்துச் சுற்று என்றால் அதற்கு இரண்டே கால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடவே எடுக்கும். இருபதாம் தரத்தில் 1,887. யாரும் ஏமாற்றவில்லை. லொத்தர் வாங்குகிறவர் அடுத்த சீட்டிழுப்பு வரை காத்திருக்க வேண்டும்; இங்கே மணிக்கு 600 சீட்டிழுப்பு.

சட்டம் வைக்கும் குறைந்த எல்லையும் இடத்துக்கு இடம் வேறு. அமெரிக்காவின் நெவாடாவில் மெசின் குறைந்தது 75 சதவீதம் திருப்ப வேண்டும், நியூ ஜேர்சியில் 83. ஒரே படம், ஒரே பாட்டு, ஒரே பெயர் உள்ள விளையாட்டையே வெவ்வேறு சதவீதங்களில் தயாரித்து விற்பார்கள். எதைப் போடுவது என்பது கசினோக்காரர் விருப்பம். பக்கத்தில் நிற்கும் இரண்டு மெசின்களில் எது கூடக் கொடுக்கும் என்று வெளியில் இருந்து பார்த்துச் சொல்ல வழியே இல்லை.

"கனநேரமாக் குடுக்கேல்லை, இனி விழும்" என்பது இன்னொரு நம்பிக்கை. மெசினுக்கு ஞாபகம் இல்லை. 2,62,144இல் ஒரு வாய்ப்புள்ள ஜக்பொட்டுக்காக 2,62,144 தரம் சுற்றினாலும், ஒருமுறைகூட விழாமல் இருக்க ஏறத்தாழ 37 சதவீத வாய்ப்பு உண்டு. அத்தனை சுற்றுக்கும், சாப்பாடு நித்திரை இல்லாமல், 437 மணித்தியாலம் வேண்டும்.

புதிய மெசின்களில் பல கோடுகள். 20 கோட்டுக்கும் ஐந்து ரூபாப்படி 100 ரூபா கட்டுகிறீர்கள். 40 ரூபா விழுகிறது. விளக்கு மின்னும், மணி அடிக்கும், "வெற்றி" என்று எழுத்து ஓடும். போனது 60 ரூபா. விளையாடுகிறவரிடம் எத்தனை தரம் வென்றீர்கள் என்று கேட்டால் இவற்றையும் சேர்த்தே எண்ணுவார்.

மெசினுக்குள் கை வைத்த கதைகளும் உண்டு, மறைக்கத் தேவையில்லை. நெவாடாவின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சபையில் மெசின்களைச் சோதிக்கும் வேலையில் இருந்த ரொன் ஹரிஸ், சோதிக்கப் போன இடத்திலேயே மென்பொருளை மாற்றிவைத்தார். 1995இல் பிடிபட்டார். வேலியே பயிரை மேய்ந்த கதை. ஆனாலும் அங்கே சோதிக்க ஒரு சபை இருந்தது, ஒப்பிட்டுப் பார்க்க அங்கீகரிக்கப்பட்ட மென்பொருள் பிரதி இருந்தது, பிடிபட்டால் போக ஒரு சிறை இருந்தது.

போனில் வரும் ஸ்லொட்டுக்கு இந்த மூன்றும் கிடையாது. வட்ஸ்அப், ரெலிகிராம் வழியாக இணைப்பு வரும்; காசு யாரோ ஒரு தனிமனிதரின் வங்கிக் கணக்குக்குப் போகும். முடிவைத் தீர்மானிக்கும் மென்பொருள் எந்த நாட்டில், யாருடைய கணினியில் ஓடுகிறது என்று தெரியாது. இலவசமாகச் சுற்றிப் பார்க்கும்போது அள்ளிக் கொடுத்துவிட்டு, உண்மைக் காசு போட்டதும் வேறு கணக்கில் ஓடவைக்கலாம். தடுக்க ஆள் இல்லை. "கள்ளமா?" என்ற கேள்வி இங்கேதான் உண்மையில் கேட்கப்பட வேண்டும்.

போனஸ் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 5,000 கட்டினால் இன்னும் 5,000 இலவசம். போனஸை 40 மடங்கு விளையாடிய பிறகே காசு எடுக்கலாம். அதாவது 2,00,000 ரூபாவுக்குப் பந்தயம். மெசின் 96 சதவீதம் நேர்மையாகத் திருப்பினாலும் சராசரி நட்டம் 8,000. தந்த 5,000ஐயும் எடுத்து, உங்கள் 5,000இல் 3,000ஐயும் எடுத்துக்கொள்கிறது. இதையும் தாண்டி வென்றவரிடம் "எடுக்க முதல் வரி கட்டுங்கள்" என்பார்கள். அங்கே ஒரு சதமும் கட்ட வேண்டாம், அந்த வென்ற காசு வரப்போவதில்லை. பிளே ஸ்ரோருக்கு வெளியே இறக்கிய செயலி குறுஞ்செய்தி வாசிக்க அனுமதி கேட்டால், வங்கி அனுப்பும் ஓடிபி எண்ணும் அதன் கண்ணில் படும்.

வீட்டாருக்குச் சில நடைமுறைகள். வங்கியில் கடந்த மூன்று மாத அறிக்கையை எடுத்து, போன காசு ஒரு நிரலிலும் வந்த காசு மறு நிரலிலும் எழுதி அவரையே கூட்டச் சொல்லுங்கள். வாய்ப் பேச்சில் வென்ற நாட்கள் மட்டுமே வரும். கடனை அடைக்க அவர் கையில் காசு கொடுக்காதீர்கள். நகையை அடைவு வைத்தோ, கனடாவில் இருக்கும் அண்ணரிடம் கேட்டோ எடுத்த காசு என்றாலும், கடன் கொடுத்தவரிடம் நேரே கட்டுங்கள். ஒரேயடியாக எல்லாக் கடனும் தீர்ந்தால் மறுபடி கடன் வாங்க இடம் கிடைத்துவிடும். அட்டையில் இணையவழிக் கொடுப்பனவை நிறுத்த வங்கியிடம் கேட்கலாம்.

விட்டதைப் பிடிக்கவே திரும்பத் திரும்பப் போகிறார், பொய் சொல்கிறார், நித்திரை இல்லை என்றால் அது திமிரில் வருவது அல்ல. 2013 முதல் அமெரிக்க மனநல வகைப்பாட்டில் சூதாட்டம் மதுவோடும் போதைப்பொருளோடும் ஒரே அத்தியாயத்தில் இருக்கிறது. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு, காசு கட்டத் தேவையில்லை. சாகலாம் போல் இருக்கிறது என்று ஒரு சொல் சொன்னாலும் அன்றைக்கே கூட்டிப் போங்கள். இரவென்றால் மனநல உதவி எண்ணான 1926க்கு அழையுங்கள்.