புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் மாத்திரை: சட்டம் என்ன சொல்கிறது, எங்கே கிடைக்கும், எதனால் கிடைக்காமல் போகிறது

பாராசிட்டமாலுக்கும் டிரமடாலுக்கும் அடங்காத புற்றுநோய் வலிக்குக் கொடுக்க வேண்டிய மருந்து மார்ஃபின். வாயில் போட்டு விழுங்கும் மாத்திரைதான். விலை மலிவு, அரசு மருத்துவமனையில் இலவசம். முறையான டாக்டர் சீட்டின்பேரில் வாங்கி வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. இது தெரியாததால், "அது போதை மருந்து, கேஸ் ஆகிவிடும்" என்று மருந்துக்கடையில் சொன்னதைக் கேட்டுப் பலர் வெறுங்கையோடு திரும்பிவிடுகிறார்கள்.

கடைக்காரரின் பயத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம், தவறுக்குக் குறைந்தது 10 ஆண்டு சிறை என்று மிரட்டியது. மார்ஃபின் வாங்க ஒரு மருத்துவமனை நாலைந்து உரிமங்கள் எடுக்க வேண்டியிருந்தது. அவை எல்லாமே ஒரே சமயத்தில் நடப்பில் இருக்க வேண்டும். ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். மருத்துவமனைகள் ஒவ்வொன்றாகக் கைகழுவின. 1997இல் இவ்வளவு பெரிய நாடு முழுவதற்கும் சேர்த்துப் பயன்பட்ட மார்ஃபின் வெறும் 18 கிலோ. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் மார்ஃபினுக்கு மூலப்பொருளான அபினி அரசு அனுமதியோடு விளைகிறது, காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசே அதற்குத் தொழிற்சாலை வைத்திருக்கிறது, வெளிநாட்டுக்கும் ஏற்றுமதியாகிறது. உள்ளூர் நோயாளிக்கு மட்டும் மாத்திரை கிடைக்கவில்லை.

2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்சிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் 'அத்தியாவசிய போதை மருந்துகள்' என்று அறிவிக்கப்பட்டு, 2015இல் நாடு முழுவதற்கும் ஒரே விதி வந்தது. நாலைந்து உரிமம் போய், மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி தரும் ஒரே அங்கீகாரம் போதும் என்றானது. அதைப் பெற்ற இடத்துக்கு 'அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம்' என்று பெயர். வலி நிவாரணத்தில் பயிற்சி பெற்ற டாக்டர் ஒருவராவது அங்கே இருக்க வேண்டும், மருந்தைப் பூட்டி வைத்துக் கணக்கு எழுத வேண்டும் என்பவை முக்கிய நிபந்தனைகள். நோயாளிக்கு வேண்டிய வாசகமும் அந்த விதியிலேயே இருக்கிறது: ஒருவரின் உபயோகத்துக்கு ஒரு தடவையில் எவ்வளவு முறையாகக் கொடுக்கப்பட்டதோ, அந்த அளவை அவர் வைத்துக்கொள்ளலாம். தனி லைசென்ஸ் எதுவும் வேண்டாம்.

எங்கே போவது

தெருமுனை மருந்துக்கடையில் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அலைந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் சிகிச்சை பெற்றவர்கள் முதலில் அங்கேயே வலி நிவாரணப் பிரிவைக் கேளுங்கள். பிறகு உங்கள் ஊருக்கு அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையிலோ தொடர்ந்து வாங்கிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். ஓ.பி. கவுண்டரில் 'நோய் ஆதரவு சிகிச்சைப் பிரிவு' (வலியையும் அவதியையும் குறைக்கும் பிரிவு) என்று கேட்க வேண்டும். சில இடங்களில் 'பாலியேட்டிவ் ஓ.பி.' என்றால்தான் புரியும். வாரத்தில் எந்த நாள் அந்த டாக்டர் பார்க்கிறார் என்பதை முந்தின நாளே விசாரித்துக்கொள்வது நல்லது.

முதல் தடவை நோயாளியையும் அழைத்துப் போவதே சரி. பயாப்சி அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை, இருவரின் ஆதார் நகல் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். ரத்தப் பரிசோதனையில் டாக்டர் தேடுவது கிரியேட்டினின் அளவை. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவருக்கு மார்ஃபின் உடம்பில் தேங்கும். அதைப் பார்க்காமல் அளவு சொல்ல மாட்டார். அடுத்த தடவை முதல் வீட்டார் ஒருவர் சீட்டோடும் காலி அட்டைகளோடும் போய் வாங்கி வரலாம் என்று பெரும்பாலான இடங்களில் வைத்திருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கா ஒரு மாதத்துக்கா என்பது டாக்டர் எழுதுவதைப் பொறுத்தது. புறநோயாளியாக இந்த மாத்திரை வாங்க முதலமைச்சர் காப்பீட்டு அட்டை தேவையில்லை. அட்டை இல்லை என்று யாரும் திருப்பி அனுப்பக் கூடாது.

நோயாளியால் எழுந்து நடக்கவே முடியவில்லை என்றால் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைப் பிடியுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட திட்டம் இது. சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்குக் கொண்டு வந்து தருவார்களே, அதுதான். வீட்டிலேயே நோய் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் தருவது அதே திட்டத்தின் பகுதி என்பது பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் பகுதி மகளிர் சுகாதாரத் தன்னார்வலரிடமோ கிராம செவிலியரிடமோ பெயர் கொடுத்தால், வட்டார அளவில் இருக்கும் நோய் ஆதரவு செவிலியர் வீட்டுக்கு வருவார். படுக்கைப் புண்ணைச் சுத்தம் செய்வது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கக் கற்றுத் தருவது எல்லாம் அவர் வேலை. நாற்றம் வீசும் புற்றுப்புண்ணில் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவும் எளிய வழியையும் அவரிடம் கேளுங்கள். நாற்றம் அடங்கினால் நோயாளி மறுபடி கூடத்தில் நாலு பேரோடு உட்காருவார். மார்ஃபினை மட்டும் செவிலியரின் பையிலிருந்து எதிர்பார்க்க வேண்டாம். அது பெரும்பாலும் மருத்துவமனையில்தான் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டியிருக்கும். எந்த மருத்துவமனை, எந்த நாள் என்று அவரால் சொல்ல முடியும்.

'இல்லை' என்று சொன்னால்

'இல்லை' என்ற ஒரே பதிலுக்குப் பின்னால் வெவ்வேறு காரணங்கள் இருக்கும். எது என்று தெரிந்தால்தான் அடுத்து எங்கே போவது என்று முடிவு செய்ய முடியும்.

ஒன்று, அந்த மருத்துவமனை அங்கீகாரமே வாங்கியிருக்காது, அல்லது வாங்கியதைப் புதுப்பித்திருக்காது. அங்கே மன்றாடிப் பயனில்லை. அங்கீகாரம் உள்ள இடத்துக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். இன்னொன்று, பயிற்சி பெற்ற டாக்டர் மாற்றலாகிப் போயிருப்பார். அலமாரியில் மாத்திரை இருக்கும், எழுதிக்கொடுக்க ஆள் இருக்காது. மூன்றாவது, இருப்பு தீர்ந்திருக்கும். அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை மருத்துவமனை முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும் என்பது விதி. போன ஆண்டு பத்து பேர்தான் வாங்கினார்கள் என்று பத்து பேருக்கே கேட்டால், பதினோராவது ஆளுக்கு இருக்காது. கேட்பவர் குறைந்தால் வாங்குவதும் குறையும் என்பதால்தான், இல்லை என்று சொன்னாலும் கேட்டதைப் பதிவு செய்துவிட்டு வாருங்கள் என்கிறோம். மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு ஒரு பக்க மனு எழுதி, நகலில் முத்திரை வாங்குங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் 104 மருத்துவ உதவி எண், 1100 முதல்வரின் முகவரி எண் இரண்டிலும் புகார் சொல்லலாம்.

சில டாக்டர்கள் இருப்பு இருந்தும் எழுதத் தயங்குவார்கள். "கடைசி நேரத்துக்கு வைத்துக்கொள்வோம்" என்பார்கள். இந்தத் தயக்கத்தோடு நாங்கள் உடன்படவில்லை. மார்ஃபின் எப்போது தொடங்க வேண்டும் என்பதை முடிவு செய்வது வலியின் அளவு. நோயாளிக்கு எத்தனை மாதம் பாக்கி என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கீமோ நடந்துகொண்டிருக்கும்போதே வாங்கிச் சாப்பிட்டு, கட்டி சுருங்கி வலி குறைந்ததும் டாக்டர் மேற்பார்வையில் நிறுத்தியவர்கள் உண்டு.

வீட்டில் கொடுக்கும்போது

சாதாரண மார்ஃபின் மாத்திரை 10 மில்லிகிராமில் வரும். பலருக்கு அரை மாத்திரை, அதாவது 5 மில்லிகிராமில் தொடங்குவார்கள். வயதானவர்களுக்கு இன்னும் குறைவாக. இதன் வேலை நான்கு மணி நேரம்தான் நிற்கும். அதனால் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று எழுதுவார்கள். இரவு 10 மணிக்கு மட்டும் இரண்டு மடங்கு. நடு ராத்திரியில் எழுப்பிக் கொடுக்காமல் இருக்கத்தான் இது. வலி வரட்டும், அப்புறம் கொடுக்கலாம் என்று காத்திருப்பதுதான் வீடுகளில் நடக்கும் முதல் தவறு. ஏறிவிட்ட வலியை இறக்க அதிக மருந்து பிடிக்கும். கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள்.

நேரத்துக்கு நேரம் கொடுத்தும் நடுவில் வலி குத்தினால், வழக்கமான ஒரு வேளை அளவைக் கூடுதலாகக் கொடுக்கச் சொல்லியிருப்பார்கள். அடுத்த வேளையை அதற்காகத் தள்ளிப் போடக் கூடாது. கூடுதலாகக் கொடுத்த நேரத்தை மட்டும் காலண்டர் தாளில் குறித்து வையுங்கள்: 'செவ்வாய், காலை 8, மாலை 4.30'. அடுத்த முறை அந்தத் தாளைப் பார்த்துத்தான் டாக்டர் அளவைக் கூட்டுவார். தாள் இல்லாமல் "கொஞ்சம் பரவாயில்லை" என்று சொன்னால் அதே அளவு தொடரும்.

12 மணி நேரம் வேலை செய்யும் மாத்திரை வேறு. அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. வாய்ப்புற்று, தொண்டைப்புற்று உள்ளவருக்குக் குழாய் வழியாகக் கொடுக்கிறோம் என்று இதைப் பொடித்துக் கரைத்துவிட்டால், அரை நாளைய மருந்து ஒரே வீச்சில் உள்ளே போய்விடும். குழாய் உள்ளவருக்குச் சாதாரண மாத்திரையைத்தான் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். எந்த வகை என்று அட்டையைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலச்சிக்கல் கட்டாயம் வரும். நாள் போகப் போகச் சரியாகிவிடும் என்று எண்ணாதீர்கள், ஆகாது. மார்ஃபின் எழுதிய சீட்டிலேயே பைசகோடில் போன்ற மலமிளக்கி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கவுண்டரை விட்டு நகராமல் கேளுங்கள். குமட்டல் முதல் வாரம் இருக்கும். அதற்கும் மாத்திரை உண்டு. முதல் மூன்று நாள் தூங்கித் தூங்கி விழுவார். அதில் பாதி, பல நாள் வலியில் விட்ட தூக்கம். ஆனால் தட்டி எழுப்பியும் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் கீழே போகிறது, கைகால் வெட்டி வெட்டி இழுக்கிறது, சிறுநீர் குறைந்துவிட்டது, இவற்றில் எது நடந்தாலும் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே 108க்கு அழையுங்கள். தூக்க மாத்திரை, மது இரண்டும் இதோடு சேரக் கூடாது.

வலிக்காக நேரம் பார்த்துச் சாப்பிடுபவர் அடிமையாவது அரிது. உடம்பு பழகிவிடுவது வேறு விஷயம். அதனால்தான் திடீரென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்கிறார்கள். எல்லா வலிக்கும் மார்ஃபின் மட்டும் போதாது என்பதும் உண்மை. கரண்ட் அடிப்பது போன்ற நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், கேபாபென்டின் சேர்ப்பார்கள். எலும்பில் பரவிய இடத்தில் ஒரே ஒரு முறை கதிர்வீச்சு கொடுத்தாலே பலருக்கு வலி நன்றாகக் குறையும்; கதிர்வீச்சுப் பிரிவில் இதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

வெளியூர் போகும்போது மாத்திரையை அட்டையோடும் சீட்டோடும் வைத்திருங்கள். டப்பாவில் கொட்டி எடுத்துப் போனால் வழியில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் ஒருவருக்கு இதே நோய் என்று பாவப்பட்டுக் கொடுப்பது சட்டப்படி குற்றம், அவர் உயிருக்கும் ஆபத்து. நோயாளி இறந்தபின் மிஞ்சியதை வாங்கிய மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுத்து, எத்தனை மாத்திரை என்று பதிவேட்டில் எழுத வைத்து வாருங்கள்.