மண் தொட்டியில் பூப்பது பூசணமா, உப்பா?

மொட்டை மாடியில் இருக்கும் மண் தொட்டிகளின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்துவிட்டது, பூசணமா, தூக்கிப் போட்டுவிடலாமா என்று மதுரை வாசகி ஒருவர் கேட்டிருந்தார். போட வேண்டாம். அந்த வெள்ளையில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் அது போர் தண்ணீரிலிருந்து வந்த சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட். நுரைக்காமல் தண்ணீரிலேயே கரைந்தால் உர உப்பாக இருக்கலாம்.

சரி, உப்பு எப்படிச் சுவரைத் தாண்டி வந்தது? மானாமதுரைச் சூளையில் வெந்த மண் மறுபடி குழையாது. ஆனால் அதன் துகள்களுக்கு நடுவே நுண்துளைகள் இருக்கும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அவை உள்ளேயிருக்கும் ஈரத்தை வெளியே இழுக்கின்றன. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். வற்றும் ஈரத்துக்கு ஈடாக உள்ளிருந்து ஈரம் வந்துகொண்டிருக்கும்வரை உப்பு வெளியில்தான் படியும்; தேய்த்தால் போய்விடும். சித்திரை வெயிலில் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் மேற்பரப்பு காய்ந்து, ஈரம் சுவருக்குள் பின்வாங்குகிறது. அப்போது உப்பு துளைக்குள்ளேயே படிகமாகிறது. துளையின் சுவரில் முட்டிய பிறகும் படிகம் நிற்பதில்லை. இரண்டுக்கும் நடுவே மெல்லிய படலமாக உப்புக் கரைசல் மிஞ்சியிருக்கும். அதை உண்டு வளர்ந்து, சுவரை நெட்டித் தள்ளும். சுட்ட மண்ணுக்கு அழுத்தத்தைத் தாங்கத் தெரியும், இழுவிசையைத் தாங்கத் தெரியாது. அதனால் மேல்தோல் செதில் செதிலாகப் பொரிந்து உதிர்கிறது.

வீட்டுச் சுவரின் அடிப்பகுதி பொரிவதும் பெரும்பாலும் இதனால்தான். அதைப் பீடை என்று சொல்லிப் பரிகாரத்துக்குப் பணம் வாங்குவது அநியாயம். எந்த ஊர் மண்ணை எவ்வளவு சூட்டில் சுட்டால் துளை எப்படி அமையும் என்று அளந்து, மண்பாண்டத் தொழிலாளர்கள் கையில் கொடுக்கும் ஆய்வுக்கு அரசு தாராளமாகவே செலவிடலாம்.

சுத்தம் செய்வது சுலபம். காலித் தொட்டியைக் காயவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து அரை மணி நேரம் ஊறவையுங்கள். அப்புறம் அலசி, ஓர் இரவு நல்ல தண்ணீரில் போட்டால் துளைக்குள் இருக்கும் உப்பும் கொஞ்சம் இறங்கும். செடி நோயில் செத்த தொட்டி என்றால், ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், 10 நிமிடம். வினிகரையும் பிளீச்சையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு வரும்.

வெள்ளையை மறைக்கப் பெயிண்ட் அடிப்பதும் வேண்டாம். துளை அடைபட்டால் வேருக்குப் பக்கவாட்டில் காற்று கிடைக்காது; பின்னால் சேரும் உப்பு பெயிண்டையே உரித்துவிடும். ஐப்பசி மழையில் தொட்டிகளை நனையவிடுங்கள். மழைத் தண்ணீரில் உப்பு அநேகமாகக் கிடையாது.