கரை ஒதுங்கிய ஆமையைக் கடலில் தள்ளாதீர்கள்

செம்பூரில் கிளினிக் வைத்திருக்கிறேன். வருவது பெரும்பாலும் நாய், பூனைதான். மும்பையில் மழைக்காலம் தொடங்கிவிட்டால் கடலாமைக்காகவும் போன் வரும்.

போன ஆடியில் தாராவித் தம்பி ஒருவர் வெர்சோவா கடற்கரையிலிருந்து கூப்பிட்டார். "சார், நாலு பேர் சேர்ந்து மூணு தடவை கடல்ல விட்டுட்டோம். திரும்பத் திரும்பக் கரைக்கே வருது. முட்டை போட வந்திருக்குமோ?"

முட்டை போட வரும் ஆமை இரவில், தானே ஏறி வந்து, தானே திரும்பிப் போகும். பட்டப்பகலில் அலை ஒதுக்கிய ஆமை என்றால் நோயாளி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

படம் அனுப்பச் சொன்னேன். இங்கே ஒதுங்குவதில் பெரும்பாலானவை பங்குனி ஆமைகள். அவற்றின் ஓட்டில் பக்கத்துக்கு ஆறு அல்லது அதற்கு மேல் தகடுகள் இருக்கும். இதற்கு ஐந்துதான். செம்பழுப்பு ஓடு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை. பெருந்தலை ஆமை! ஓமானின் மசீரா தீவில் முட்டையிடும் இனம். சங்கையும் நண்டையும் நொறுக்கும் தாடை அதற்கு. "தம்பி, வாய்ப்பக்கம் கையைக் கொண்டுபோகாதீங்க" என்றேன்.

கழுத்தெல்லாம் கொட்டலசு, அதாவது படகிலும் பாறையிலும் ஒட்டிக்கொள்ளும் சின்ன ஓட்டுயிரி, அப்பியிருந்தது. பல நாளாக நீந்த முடியாமல் மிதந்திருக்கிறது என்று அர்த்தம். தண்ணீரில் விட்டபோது ஒரு பக்கமாகச் சாய்ந்தது என்றார். ஆமையின் நுரையீரல் முதுகு ஓட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. ஒரு நுரையீரலில் சளி கட்டினால் உடம்பு கோணும், முங்க முடியாது. பிளாஸ்டிக் குடலை அடைத்து வாயு சேர்ந்தாலும் முங்க முடியாமல் மிதக்கும். முங்காவிட்டால் இரையும் கிடையாது. அதை மறுபடி கடலில் தள்ளுவது, காய்ச்சல்காரனை மழையில் நிறுத்துவது மாதிரி.

சரி, என்ன செய்யலாம்? நிழலுக்குக் கொண்டுபோங்கள். மல்லாக்கப் போட வேண்டாம். மூக்கை விட்டுவிட்டு ஈரத்துணி போர்த்துங்கள். தொட்டித் தண்ணீரில் போட்டால் மூழ்கிச் செத்துவிடும்; அதுவும் நம்மைப்போல் காற்றைச் சுவாசிக்கும் பிராணிதான். தீனியும் வேண்டாம். மகாராஷ்டிர வனத்துறையின் 1926 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அசையாமல் கிடந்தாலும் செத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். வலையில் மூச்சுத் திணறிய ஆமை பல மணி நேரம் கழித்துக்கூடத் தலையைத் தூக்கியிருக்கிறது.

செல்ஃபி வேண்டவே வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற பிராணி அது.

வனத்துறையினர் வந்து தூக்கியபோதுதான் முன்துடுப்பின் அடியில் நைலான் வலைநூல் இறுகியிருந்தது தெரிந்தது. பெருந்தலை ஆமை முட்டையிடும் பருவத்துக்கு வரவே இருபது முப்பது வருடம் ஆகும். அந்தத் தம்பியின் வயதே அவ்வளவு இருக்காது.

ஐந்தாம் நாள் ஒரு துண்டு கணவாய் தின்றதாம். அதுவரை தினமும் சாயங்காலம் போன் போட்டு, "சாப்பிட்டுச்சா சார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.