சொல் விளக்கம்: கரிக்குலம் அனலிஸ்ட்

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் ‘கரிக்குலம் அனலிஸ்ட்’ என்று ஒரு பதவி உண்டு. இந்த வேலையில் இருப்பவர் பாடம் நடத்துவதில்லை. டாக்டராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நான்கு வருடப் படிப்பில் எந்த விஷயம் எந்த வகுப்பில் வருகிறது, எத்தனை மணி நேரம் வருகிறது, கடைசியில் எந்தத் தேர்வில் கேட்கப்படுகிறது என்று கணக்கு வைத்திருப்பவர் அவர். தமிழில் ‘பாடத்திட்ட ஆய்வாளர்’ என்று போட்டுவிட்டுப் போகலாம்தான். ஆனால் அந்த இரண்டு சொற்களுமே எனக்கு இடறுகின்றன.

முதலில் கரிக்குலம். லத்தீனில் ‘குர்ரெரே’ என்றால் ஓடுதல். அதிலிருந்து பிறந்த ‘குர்ரிகுலும்’ ஓட்டத்தையும் பந்தயச் சுற்றையும் குறித்தது, பந்தயத் தேரையும்கூடக் குறித்தது. கிமு 63-இல் ரோமானியப் பேச்சாளர் சிசரோ ஒரு வழக்கில் வாதாடும்போது, இயற்கை நமக்கு அளந்து கொடுத்த வாழ்க்கை ஓட்டம் சின்னது, புகழின் ஓட்டத்துக்கோ எல்லை இல்லை என்ற பொருளில் இந்தச் சொல்லை எடுத்தாண்டார். வேலைக்கு மனுப் போடும்போது நாம் இணைக்கும் சி.வி.யும் (கரிக்குலம் வீட்டே) இதே ‘வாழ்க்கை ஓட்டம்’தான். கல்விக்குள் இது நுழைந்தது பிறகு: நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகப் பதிவுகளில் 1582-இலும், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1633-இலும் காணக் கிடைக்கிறது. ஒரு மாணவர் படிப்பை முழுச் சுற்றும் ஓடி முடித்தார் என்ற தொனியில்.

சிலபஸ் என்பதன் கதை வேறு, கொஞ்சம் வேடிக்கையும்கூட. கிரேக்கத்தில் ‘சித்துபா’ என்றால் சுருள் ஏட்டில் தொங்கவிடும் தோல் துண்டு. ஏட்டின் பெயர் அதில் எழுதியிருக்கும். சிசரோ தன் நண்பர் அத்திகுஸுக்கு எழுதிய கடிதங்களில் இது வருகிறது. 15-ஆம் நூற்றாண்டில் அக்கடிதங்களை அச்சிட்டபோது எழுத்து மாறிப் பதிந்து, இல்லாத ஒரு சொல் உண்டாகிவிட்டது. அதுதான் சிலபஸ். அச்சுப்பிழையில் பிறந்து உலகம் முழுக்க மாணவர்களைப் பயமுறுத்திக்கொண்டிருக்கிறது!

ஆக, சிலபஸ் ஒரு சீட்டு, கரிக்குலம் ஓர் ஓட்டம். தமிழ்நாட்டில் இரண்டையும் ‘பாடத்திட்டம்’ என்றே சொல்லிவிடுகிறோம். எம்.பி.பி.எஸ். படிப்புக்கு 2019-இல் திறன் அடிப்படையிலான புதிய முறை வந்தது. என்னென்ன பாடம் என்பதைவிட, அந்த மாணவர் என்ன செய்யத் தெரிந்தவராக வெளியே வர வேண்டும் என்பதிலிருந்து அது தொடங்குகிறது. ஒரு விஷயம் அவருக்குத் தெரிந்தால் போதுமா, செய்து காட்ட வேண்டுமா, யார் துணையும் இன்றித் தானே செய்ய வேண்டுமா என்று ஒவ்வொரு திறனுக்கும் ஒரு படிநிலை குறித்திருக்கிறார்கள். நோயாளியிடமும் சக மருத்துவர்களிடமும் நடந்துகொள்ளும் முறைக்கென்றே 27 தொகுதிகள் இருந்தன. இதையும் பேச்சு வழக்கில் ‘புதிய பாடத்திட்டம்’ என்றோம். அதனால் கேட்டவர்களுக்குச் சில பாடங்களைச் சேர்த்துச் சில பாடங்களை நீக்கியது போலத்தான் பட்டது.

பாடத்திட்டம் என்ற சொல் எங்கே கைவிடுகிறது என்று பார்க்க இன்னொரு சோதனை இருக்கிறது. 1968-இல் ஃபிலிப் ஜாக்சன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் ‘மறைந்திருக்கும் கரிக்குலம்’ என்றொரு கருத்தை முன்வைத்தார். யாரும் வகுப்பெடுக்காமலேயே மாணவர்கள் கற்றுக்கொள்வது அது. மருத்துவக் கல்விக்குள் அதை 1994-இல் ஃபிரெட்ரிக் ஹாஃபர்ட்டி கொண்டுவந்தார். ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் நோயாளியின் பெயரைச் சொல்லாமல் “அந்த மூணாம் பெட் லிவர்” என்பார். அன்பாகப் பேச வேண்டும் என்று வகுப்பில் சொன்னதையெல்லாம் மாணவர் அந்த நொடியில் மறந்துவிடுவார். இதை ‘மறைந்திருக்கும் பாடத்திட்டம்’ என்றால் எப்படிப் பொருந்தும்? யாரும் திட்டம் போடவில்லை, பாடமும் அல்ல.

கல்வியியல் படித்தவர்கள் கையில் வேறொரு சொல் இருக்கிறது: கலைத்திட்டம். பி.எட். நூல்களில் சாதாரணமாகப் புழங்குவது; இலங்கையிலும் கல்வித் துறை இதைத்தான் பயன்படுத்துகிறது. இதிலும் ‘திட்டம்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொருள் அகலமாக வழக்கில் நிலைத்துவிட்ட சொல் இது. ‘மறை கலைத்திட்டம்’ என்றால் கல்வித் துறைக்காரர்களுக்குச் சட்டெனப் புரிகிறது. மற்றவர்களுக்குத்தான் குழப்பம்: கலை என்றதும் பரதமும் ஓவியமும் நினைவுக்கு வந்து, மருத்துவக் கல்லூரியில் இது எதற்கு என்று தோன்றும். அவர்களுக்கு என் பதில் ‘பல்கலைக்கழகம்’. அங்கே மருத்துவமும் பொறியியலும் கலைதானே? ஆய கலைகள் அறுபத்துநான்கு என்றபோதும் ஆட்டம் பாட்டத்தை மட்டுமா சொன்னார்கள்?

இந்தியில் இதற்கு ‘பாட்யசர்யா’ என்று வைத்திருக்கிறார்கள். ‘சர்யா’வுக்கு வேர் நடத்தல், ஒழுகுதல். சைவத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்கிறோமே, அந்தச் சரியைதான். ஓட்டத்துக்குப் பதில் நடை. லத்தீனுக்கு நம் சொல்லைவிட இது நெருக்கம். இலங்கை வழக்கில் உள்ள ‘கற்கைநெறி’யும் அழகான சொல். நெறி என்றால் வழி. ஆனால் கோர்ஸ் என்பதற்கு அது ஏற்கெனவே போய்விட்டது, திரும்பப் பிடுங்க முடியாது.

இனி அனலிஸ்ட். ‘ஆய்வாளர்’ என்று மட்டும் போட்டால் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருபவர் காவல் ஆய்வாளர். கலைத்திட்ட இன்ஸ்பெக்டர் என்று கேட்டால் பேராசிரியர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கிரேக்கத்தில் இதன் வேர் ‘அனலுயேன்’, கட்டியதை அவிழ்த்தல். ஹோமரின் காவியத்தில் பெனலபி பகலில் நெய்த துணியை இரவில் பிரித்துப்போடுவதற்கு வருகிற வினையும் இதுதான். நமக்குப் ‘பகுப்பாய்வு’ இருக்கிறது. பகு என்றால் பிரி. ஆய் என்பதைச் சமையலறைக்குப் போய்த்தான் கேட்க வேண்டும்: கீரை ஆய்தல். கட்டை அவிழ்த்து, தண்டு வேறு இலை வேறாக்கி, பழுத்ததை ஒதுக்குவது.

இந்த வேலையும் கிட்டத்தட்ட அதுதான். உதாரணத்துக்கு, மாரடைப்பைப் பற்றி எத்தனை முறை சொல்லிக்கொடுக்கிறோம் என்று டீன் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பேராசிரியர் தன் வகுப்புக் குறிப்பில் ‘ஹார்ட் அட்டாக்’ என்று எழுதியிருப்பார், இன்னொருவர் ‘மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்’, மூன்றாமவர் வெறும் ‘எம்.ஐ.’, நான்காமவர் இன்னும் விரித்து ‘அக்யூட் கரோனரி சிண்ட்ரோம்’. கணினியில் ஒரு சொல்லைப் போட்டுத் தேடினால் கால்வாசிதான் அகப்படும். நான்கையும் ஒரே முடிச்சில் கட்டி, மேப்பிங் என்னும் வரைபடத்தில் ஏற்றினால்தான் எது மூன்று முறை திரும்ப வருகிறது, எது ஒருமுறைகூட வரவில்லை என்று தெரியும். அப்புறம் வகுப்பு நோக்கங்களில் உள்ள வினைச்சொற்கள். ‘மாணவர் புரிந்துகொள்வார்’ என்று எழுதியிருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். புரிதலை எதைக் கொண்டு அளப்பது? ‘விவரிப்பார்’, ‘வேறுபடுத்திக் காட்டுவார்’ என்றால் தேர்வு வைக்கலாம். அமெரிக்காவில் எம்.டி. பட்டம் தரும் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் எல்.சி.எம்.இ. அமைப்பு, தன் அளவுகோல்களில் எட்டாவதைக் கலைத்திட்ட மேலாண்மைக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. எட்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிற முழு மதிப்பாய்வின்போது இந்த வரைபடங்களுக்கு இருக்கிற மவுசு தனி.

ஏன் இத்தனை பாடு, கரிக்குலம் என்றே எழுதினால் என்ன என்றும் கேட்கலாம். தவறில்லை, முன்னோடியும் இருக்கிறார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19-ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மேலை மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், உடற்கூறியலுக்கு ‘அங்காதிபாதம்’ என்று வைத்தார், வேதியியல் நூலுக்கு ‘கெமிஸ்தம்’ என்றே பெயர் கொடுத்தார். ஒன்று ஆக்கம், மற்றது ஒலிபெயர்ப்பு. இன்று இரண்டுமே வழக்கில் இல்லை.

என் தேர்வு ‘கலைத்திட்டப் பகுப்பாய்வாளர்’. சிலபஸுக்குப் பாடத்திட்டம் இருக்கட்டும். விசிட்டிங் கார்டில் அடிக்கக் கொடுக்கும்போது நடுவிலுள்ள ‘ப்’ விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அச்சகத்தில் முதலில் காணாமல் போவது அதுதான்.