கேஷ்: பதுக்கலா, கையிருப்பா?

கணினி அடிக்கடி கேட்பதை உடனே எடுக்கக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கும் நகலுக்குக் 'கேஷ்' (cache) என்று பெயர்; அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? மறைத்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்த அச்சொல், வட அமெரிக்கக் காடுகளில் வேட்டையாடியவர்கள் உணவை ஒளித்துவைத்த குழியைக் குறித்து, 1960களின் இறுதியில் கணினித் துறைக்குள் வந்தது. அந்த வேரைப் பார்த்துச் சிலர் 'பதுக்கு நினைவகம்' என்கிறார்கள். பதுக்கு பழைய சொல்தான். பாலைவழியில் மாண்டவரை மூடிய கற்குவியலைச் சங்கப் பாடல்கள் பதுக்கை என்கின்றன. ஆனால் தஞ்சைப் பக்கம் பதுக்கல் என்றால் விலை ஏறட்டும் என்று நெல்லை வெளியே காட்டாமல் வைப்பது. கேஷ் செய்வதோ அதற்கு நேர்மாறான வேலை.

மென்பொருளின் பதிப்புகளைக் காக்கும் இடத்தைக் களஞ்சியம் என்று முன்பே பெயரிட்டுவிட்டோம். பத்தாயத்து நெல்லை அவித்துக் குத்தி, அன்றாடச் சமையலுக்கு அரிசிப்பானையில் வைப்பதைப் போல, களஞ்சியத்திலிருந்து உண்டாக்கிக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பதே கேஷ். அதனால் 'கையிருப்பு நகல்' என்பதே என் தேர்வு. கையிருப்பு என்று மட்டும் நிறுத்தினால், கடைத்தெருவில் கல்லாப்பெட்டிக் கணக்காகிவிடும்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் தொடங்கிய, மென்பொருளின் பதிப்புகளைக் காக்கும் கருவியான கிட்டில், அடுத்த பதிவில் (சேமிக்கப்படும் பதிப்பில்) சேர வேண்டியவற்றைக் குறித்துவைக்கும் இன்டெக்ஸ் என்னும் கோப்பின் பழைய பெயரே கேஷ். இன்றும் அக்கோப்பின் முதல் நான்கு பைட்டுகள் 'டைரக்டரி கேஷ்' என்பதன் சுருக்கமான 'டிஐஆர்சி' என்னும் எழுத்துகள். ஐப்பசி மழையில் மின்சாரம் போன ஓர் இரவுக்குப் பிறகு, என் கணினியில் அந்த நான்கும் வெறும் சுழியங்களாக இருந்தன. 'கையொப்பம் தவறு, இன்டெக்ஸ் பழுது' என்னும் பொருளில் கிட் நின்றுவிட்டது. கோப்பின் இறுதியிலுள்ள சரிபார்ப்புத் தொகை பொருந்தாதபோதும், 'கிட் எஃப்எஸ்சிகே' என்னும் சோதனைக் கட்டளையைக் கொடுத்தால் பழுது தெரியவரும். நான் அக்கோப்பை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு, எழுதிக்கொண்டிருக்கும் கோப்புகளையும் மாற்றிவிடும் 'ஹார்ட்' போன்ற எதையும் சேர்க்காமல் 'கிட் ரீசெட்' மட்டும் கொடுத்தேன். கடைசிப் பதிவிலிருந்து புது இன்டெக்ஸ் உருவாயிற்று. எழுதிக்கொண்டிருந்த கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அடுத்த பதிவுக்கென்று பொறுக்கிவைத்த தேர்வு மட்டும் போயிற்று.

பானை அரிசியில் வண்டு விழுந்தால் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பலாம். பத்தாயத்து நெல்லே நனைந்து முளைத்தால், அதாவது அதே 'கிட் எஃப்எஸ்சிகே' கட்டளை, களஞ்சியத்தில் சேமித்த பொருளொன்றே பழுது என்று காட்டினால், அதைக் கையிருப்பு நகல் என்று எண்ணி அழிக்கக் கூடாது; உடன் பணிபுரிபவரின் களஞ்சியப் படியிலிருந்து உள்ளடக்கத்திலிருந்து கணித்த அதே 40 இலக்கப் பெயருடைய பொருளைக் கொண்டுவர வேண்டும்.