ஹைஃபை: சொல்லும் பொருளும்

கொழும்பில் ‘ஹைஃபை’ என்றால் இன்று பலருக்கு வசதி, பகட்டு என்றுதான் பொருள். ‘அவர் கொஞ்சம் ஹைஃபையான ஆள்’, ‘ஹைஃபை கலியாணம்’ என்று வெள்ளவத்தையில் சாதாரணமாகப் பேசுகிறோம். ஆனால் இந்தச் சொல் பிறந்தது ஒலிக்காக. ‘ஹை ஃபிடெலிட்டி’ என்பதன் சுருக்கம் இது. ஃபிடெலிட்டிக்கு வேர் இலத்தீனின் ‘ஃபிடெஸ்’; நம்பிக்கை, விசுவாசம், சொன்ன சொல் தவறாமை என்பன அதன் பொருள்கள். ஒலிக்குப் பொருத்தினால், பாடியவர் எப்படிப் பாடினாரோ அதைக் கூட்டாமல் குறைக்காமல் கேட்பவர் காதில் சேர்ப்பது. 1927இல் இந்தச் சொற்றொடரைத் தாமே உருவாக்கியதாக எச்.ஏ. ஹார்ட்லி என்ற பிரித்தானியப் பொறியியலாளர் பின்னாளில் உரிமை கோரினார்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1925இல், ரைஸ், கெலொக் என்ற அமெரிக்கப் பொறியியலாளர்கள் இருவர் இன்றைய ஸ்பீக்கரின் வடிவத்தை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில்தான் கொழும்பிலும் வானொலி முறையாக ஆரம்பமானது. அவர்கள் விளக்கிய ஸ்பீக்கரில் காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச் சுருள். மின்னோட்டம் மாற மாற அது முன்னும் பின்னும் அசையும். அதோடு ஒட்டிய காகிதக் கூம்பு காற்றைத் தள்ளும். அவ்வளவுதான். இப்போது வருகிற ஸ்பீக்கர்களிலும் பெரும்பாலானவை இதே முறைதான்.

ஃபிடெலிட்டி என்ற வாக்குறுதியை மேடையிலேயே சோதித்துக் காட்டியவர் கில்பர்ட் பிரிக்ஸ். 1932இல் யோர்க்‌ஷயரின் இல்க்லி ஊரில் ஸ்பீக்கர் செய்யத் தொடங்கி, அங்கே ஓடும் வார்ஃப் ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயரையே தன் ஸ்பீக்கருக்கு வைத்தார்: வார்ஃப்டேல். 1954இல் லண்டன் ரோயல் ஃபெஸ்டிவல் மண்டபத்தில் கலைஞர்களை நேரில் வாசிக்க வைத்து, அதோடு பதிவையும் தன் ஸ்பீக்கரில் ஓடவிட்டு, இரண்டையும் சபையோரே ஒப்பிடட்டும் என்று விட்டார். அதில் கைகோத்த பீட்டர் வோக்கரின் குவாட் நிறுவனம், 1957இல் சுருளும் கூம்பும் இல்லாமல், மின்னழுத்தத்தால் அதிரும் மெல்லிய படலத்தையே ஸ்பீக்கராக்கியது. மனிதக் குரலுக்கு அதை மிஞ்ச ஆளில்லை என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அப்புறம் இப்படிப்பட்ட ஸ்பீக்கர் நிறுவனங்கள் கைமாறத் தொடங்கின. வார்ஃப்டேலும் குவாட்டும் இன்று ஒரே சீனக் குழுமத்தின் கையில். 1961இல் கென்ட் மாவட்டத்தில் தொடங்கிய கெஃப், 1992இல் ஹொங்கொங்கின் கோல்ட் பீக் குழுமத்துக்குப் போனது. 1966இல் வேர்த்திங் ஊரில் பிறந்த பவர்ஸ் அன்ட் வில்கின்ஸின் கதை இன்னும் வேகமானது: 2016க்குப் பிறகு மூன்று கை மாறி, இடையில் ஆஸ்பத்திரிகளுக்கு ஒக்சிசன் அளவுமானி செய்யும் மசிமோவிடமும் இருந்து, 2025இல் ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்திடம் சேர்ந்தது. ஹார்மன் 2017 முதல் சாம்சங்குக்குச் சொந்தம். ஜேபிஎல் ஸ்பீக்கரும் ஹார்மனின் கையில்தான்.

பழைய பெயர் விற்கப்பட்டால் தரமும் போச்சு என்று இதைப் புலம்பலாக்க எனக்கு மனமில்லை. கெஃப்பை மெச்சுகிறவர்கள் முதலில் சொல்லும் எல்எஸ்50 ஸ்பீக்கர் வந்தது 2012இல், கோல்ட் பீக் வாங்கி இருபது வருடம் கழித்து. உரிமையாளர் எந்த நாட்டவர் என்பதை ஸ்பீக்கர் அறியாது. என் கவலை சொல்லைப் பற்றியது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு பெட்டியைக் கையில் எடுத்தால் ‘ஹைஃபை’ என்ற எழுத்துக்குப் பக்கத்திலேயே ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்டிருக்கும். ‘நானா, இதுல பேஸ் எப்படி?’ என்று தாழ்ந்த சுரத்தின் அதிர்வைத்தான் கேட்கிறார்கள், குரல் எப்படி என்று யாரும் கேட்பதில்லை. பள்ளிக்கூட பௌதிகவியலில் ‘உரப்பு’ என்று படித்தோமே, வாட்ஸ் எண்ணிக்கை பேசுவது அதைப் பற்றி. ஃபிடெலிட்டி பேசுவது மூலத்தோடு உள்ள ஒற்றுமையைப் பற்றி. சத்தம் கூடுவதால் ஃபிடெலிட்டி அதிகரிப்பதில்லை. மலிவான பெட்டியில் குறையவே செய்யும்.

போட்டிக்கு வந்த புளூடூத் ஸ்பீக்கர்களையும் கம்பியில்லா ஸ்பீக்கர்களையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. உள்ளங்கை அளவுப் பெட்டியில் இவ்வளவு தெளிவு வருவது பெரிய காரியம். ‘வைஃபை’ என்ற பெயரே ஹைஃபையின் எதுகைதான்: 1999இல் இன்டர்பிரான்ட் என்ற பெயர் சூட்டும் நிறுவனம் செய்தது. அதன் ‘ஃபை’க்குத் தனியாக எந்தப் பொருளும் இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘உயர்தர ஒலி’ என்றால் தரம் வரும், மூலத்தோடு உள்ள ஒற்றுமை வராது. ‘உயர் விசுவாசம்’ ஒலியைப் பற்றியது என்றே யாருக்கும் படாது. ‘மெய்யொலி’ அழகான சொல்தான், ஆனால் இலக்கணக்காரர்கள் க், ங், ச் முதலானவற்றுக்கு அதை ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது ‘துல்லிய ஒலி’. துல்லியத்தில் பிசகாமை இருக்கிறது, கடையில் சொன்னாலும் விளங்கும். ஸ்பீக்கருக்கு ‘ஒலிபெருக்கி’ நிலைத்துவிட்டது. கோயில் திருவிழாவில் கட்டுவதற்கும் அதே சொல்லென்பதால், வீட்டில் பாட்டுக் கேட்க வைப்பதைத் ‘துல்லிய ஒலிபெருக்கி’ எனலாம். ‘ஹைஃபை கலியாணம்’ வேறு பொருளில் வேரூன்றிய பேச்சு வழக்கு. அதை அப்படியே விட்டுவிடலாம்.