மினி குதிரைக்குக் கூரை எவ்வளவு உயரம்?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் மினி குதிரைக்குக் கொட்டகை போட நினைப்பவருக்கு முதலில் தோன்றுவது இதுதான்: தோள்மட்டத்தில் 34 அங்குலம்கூடத் தாண்டாத பிராணி, ஐந்தடிக் கூரை போதாதா? பார்க்கவும் பொம்மை வீடு மாதிரி இருக்கும். அழகு வேண்டியதுதான். ஆனால் கூரையின் உயரத்தைத் தீர்மானிக்க வேண்டியது குதிரை அல்ல, காற்று.

முதலில் குளிர். ஒரு குதிரையை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பாதியாக்கினால் தோலின் பரப்பு கால்பங்காகும். எடையோ எட்டில் ஒரு பங்காகிவிடும். ஒவ்வொரு கிலோ உடம்புக்கும் வெப்பத்தை வெளியே விடும் தோல் இரண்டு மடங்கு. அதை ஈடுகட்டத்தான் அடர்ந்த ரோமம். ரோமங்களுக்கு நடுவே சிக்கி நிற்கும் காற்றுதான் போர்வை. மழையில் நனைந்து ரோமம் படிந்துவிட்டால் அந்தப் போர்வை போய்விடும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குளிர்ச்சி. அந்தக் குளிரை உலர்ந்த குதிரை தாங்கும். ஈரமும் காற்றும் சேர்ந்தால்தான் சிரமம்.

குளிருக்குப் பயந்து நாலு பக்கமும் அடைத்துவிட்டால் வேறு தொல்லை வரும். சிறுநீரில் உள்ள யூரியாவைச் சாணத்திலுள்ள பாக்டீரியாக்கள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. அது தரையில்தான் பிறக்கிறது, தரைக்குப் பக்கத்தில்தான் அதிகம். மினி குதிரையின் மூக்கும் அங்கேதான். நாம் நிற்கும் உயரத்தில் வாடையே இல்லாவிட்டாலும் அதன் நுரையீரல் எரிந்துகொண்டிருக்கலாம். உட்கார்ந்து முகர்ந்து பாருங்கள். நாற்றம் போகட்டும் என்று ஈர வைக்கோலின் மேல் சுண்ணாம்புத் தூள் போடாதீர்கள். காரத்தன்மை ஏறினால் அம்மோனியா இன்னும் வேகமாகக் கிளம்பும். ஈரத்தை அள்ளி வெளியே போடுவதுதான் வழி.

மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். குதிரையின் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பான காற்று மேலே போகும். முகட்டில் இடைவெளி விட்டால் வெளியேறும். கீழே புதுக்காற்று நுழையும். நுழையும் இடத்துக்கும் வெளியேறும் இடத்துக்கும் உயர வித்தியாசம் கூடக்கூட இழுப்பும் கூடும். ஐந்தடிக் கூரையில் அது எடுபடாது. தாழ்வாரம் ஏழடி, முகடு பத்தடி வைக்கலாம். குனிந்து சாணம் அள்ள வேண்டிய கொட்டகையில் சாணம் ஒழுங்காக அள்ளப்படுவதும் இல்லை.

மூன்று பக்கம் சுவர் போதும். தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் எதிரெதிர்த் திசையிலிருந்து வருவதால் தென்கிழக்குப் பக்கம் திறந்திருப்பது நல்லது. காலை வெயிலும் விழும். மலையில் ஒவ்வொரு சரிவிலும் காற்று வேறு மாதிரி திரும்பும் என்பதால், சாரல் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டு மூலைக்கல் நடுங்கள்.

கூரைக்கு வெறும் தகரம் வேண்டாம். தெளிந்த இரவில் தகரம் வானத்தை நோக்கி வெப்பத்தை விட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். குதிரையின் மூச்சிலுள்ள நீராவி அதில் பட்டுத் துளியாகி முதுகிலேயே சொட்டும். ஓடு கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சும், ஓட்டுச் சந்துகளில் காற்றும் போகும். சேலம் சமவெளியில் என்றால் பகல் வெயில்தான் பிரச்சினை. தகரம் போட்டே ஆக வேண்டுமானால் மேலே தென்னங்கீற்று வேயுங்கள்.

அழகுக்கு ஜன்னல் வையுங்கள், ஆனால் அடிவிளிம்பு இரண்டடிக்கு மேல் போகக் கூடாது. குதிரை கூட்டத்தில் வாழும் பிராணி; துணைக் குதிரை கண்ணில் பட்டால்தான் அமைதியாக நிற்கும். மரச்சட்டத்தைக் கடிக்கும் என்பதால் விளிம்பில் தகரப் பட்டை அடித்து, கூர்முனை தெரியாமல் மடக்கிவிடுங்கள்.